கேஸ்ட்ரிக் என்று ஒரு நோய் இல்லை

வெள்ளவத்தையில் காலி வீதிப் பக்கமாக ஒரு பாமசியில் பல வருடமாக வேலை செய்கிறேன். பின்னேரம் ஆறு மணி தாண்டினால் கவுண்டருக்கு வருபவர்களில் யாராவது ஒருவர் கட்டாயம் இதைக் கேட்பார்: "தங்கச்சி, கேஸ்ட்ரிக்குக்கு ரெண்டு குளிசை தாங்கோ."

ஒரு வெள்ளிக்கிழமை இப்படி நான்கு பேர் கேட்டார்கள். முதலில் வந்தவர் வங்கியில் வேலை செய்யும் ஒரு தம்பி. இரவு படுத்தால் நெஞ்சு எரிந்து தொண்டை வரை புளித்துக்கொண்டு வருகிறதாம். அடுத்தவர் முழங்கால் நோவுக்கு மாதக்கணக்காக டைக்ளோஃபெனாக் போட்டுவரும் ஒரு ஐயா. அவருக்கு மேல் வயிற்றில் கடிக்கிற மாதிரி ஒரு நோவு. மூன்றாவது ஒரு மாமி. நாலு வாய் சாப்பிட்டாலே வயிறு பொருமி, சேலைக் கொசுவம் இறுகுகிறது என்றார். நான்காவதாக வந்தவர் ஆட்டோ ஓட்டும் ஒரு அண்ணன். நெஞ்சின் நடுவில் பாரம், சட்டை முழுக்க வேர்வை, தாடைக்குள் ஒரு உளைவு. அவர் சொன்னதும் அதே சொல்தான்: கேஸ்ட்ரிக்.

நான்கு பேருக்கும் நடந்துகொண்டிருந்தது நான்கு வெவ்வேறு விஷயம். அதில் ஒன்றுக்கு வயிற்றோடு சம்பந்தமே இல்லை. இந்த ஒரு சொல் எவ்வளவு குழப்பத்தை உண்டாக்குகிறது என்பதைத் தினமும் பார்ப்பதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

சொல்லிலிருந்தே தொடங்குவோம்

ஆட்டோவில் ஏறி "வெள்ளவத்தைக்குப் போங்கோ" என்று மட்டும் சொன்னால் என்ன நடக்கும்? பம்பலப்பிட்டி தாண்டியதும் ஓட்டுபவர் திரும்பிப் பார்த்து, "எந்த லேன்?" என்று கேட்பார். கேஸ்ட்ரிக் என்ற சொல்லும் அப்படித்தான். வயிற்றைக் குறிக்கும் ஒரு பழைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது அது. இரைப்பை சார்ந்தது என்பதைத் தவிர அதற்கு வேறு பொருள் இல்லை. ஊரின் பெயரைச் சொல்லியாயிற்று, வீடு எங்கே என்று இன்னும் சொல்லவில்லை.

இதே சொல்லைச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் சொல்லிவிடலாம் என்பது கொழும்பில் ஒரு வசதி போலத் தெரியும். சிங்களம் தடுமாறும் நம்மவர்கள் டொக்டரிடம் போனதும் அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு அமைதியாகிவிடுகிறார்கள். எங்கே நோகிறது, எப்போது நோகிறது என்பதெல்லாம் சொல்லப்படாமலே போய்விடுகிறது.

இன்னொரு குழப்பமும் உண்டு. கேஸ், கேஸ்ட்ரிக் இரண்டும் காதுக்கு ஒன்று போலக் கேட்பதால், வயிற்றில் காற்று சேர்வதுதான் கேஸ்ட்ரிக் என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டும் பிறப்பிலேயே வேறு வேறு சொற்கள். காற்றைப் பற்றிப் பிறகு பார்ப்போம்.

கொத்துச் சத்தமும் இரைப்பையும்

இரவு ஏழு மணிக்குக் காலி வீதியில் நடந்தால், இரும்புத் தட்டில் கொத்து ரொட்டி கொத்தும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தமும் வாசமும் வந்த உடனே வாய் ஊறுகிறது இல்லையா? அதே நேரம் இரைப்பையும் ஊறுகிறது. மூளையிலிருந்து ஒரு நரம்பு வழியாகக் கட்டளை இறங்கி, ஒரு வாய் கூட உள்ளே போவதற்கு முன்பே அமிலம் சுரக்கத் தொடங்கிவிடும். 1904இல் நோபல் பரிசு பெற்ற ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் இதை நாய்களை வைத்துக் காட்டினார். நாய் விழுங்கிய உணவு இரைப்பைக்குப் போகாமல் வழியிலேயே வெளியே எடுக்கப்பட்டது. ஆனாலும் இரைப்பை தன் பாட்டில் சாற்றைச் சுரந்தது.

அந்தச் சாறு ஒரு நாளைக்குச் சுமார் 2 லீற்றர் வரை சுரக்கிறது. அதில் இருப்பது ஐதரோகுளோரிக் அமிலம். தேசிக்காய்ச் சாற்றை விடப் புளிப்பான, வலுவான அமிலம். இறைச்சியையும் மீனையும் உடைக்கும் பெப்சின் என்ற நொதியம் இந்த அமிலத்தில்தான் வேலை செய்யும். உணவோடு வரும் கிருமிகளில் பெரும்பாலானவற்றைக் கொல்வதும் இதே அமிலம்தான். ஆகவே அமிலத்தை எதிரியாக நினைக்க வேண்டாம். அது இல்லாவிட்டால் வயிறு இன்னும் கஷ்டப்படும்.

சரி, இறைச்சியைக் கரைக்கும் சாறு, இறைச்சி போன்ற இரைப்பையின் சுவரை ஏன் கரைப்பதில்லை?

வெண்டிக்காய் வெட்டும்போது கையில் ஒட்டும் வழுவழுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். இரைப்பையின் உட்சுவர் முழுவதும் அப்படி ஒரு படலம் பூசியிருக்கிறது. இதைச் சளிப்படலம் என்பார்கள். இந்தப் படலத்துக்குள் இரைப்பை பைகார்பனேட்டைச் சுரந்துகொண்டே இருக்கிறது. அப்பத்துக்குப் போடும் அப்பச்சோடாவில் இருப்பதும் இதே பைகார்பனேட்தான். அமிலம் படலத்துக்குள் இறங்கி வர வர, சோடா அதன் வேகத்தைக் குறைத்துவிடும். போதாக்குறைக்கு உட்சுவரின் மேல் அடுக்குச் செல்கள் சில நாட்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாக முளைக்கின்றன.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: அமிலம் தேவையானது. அது இருக்க வேண்டிய இடம் இரைப்பை. அங்கே சுவரைக் காக்க ஒரு படலம் இருக்கிறது. இனி வரும் பிரச்சினைகளில் ஒன்று அமிலம் இடம் மாறுவதால் வருகிறது, ஒன்று படலம் கெடுவதால் வருகிறது. மூன்றாவது இரண்டுமே இல்லாமல் வருகிறது.

அமிலம் மேலே ஏறினால்: வங்கித் தம்பியின் எரிவு

வாயிலிருந்து இரைப்பைக்கு உணவு போகும் குழாயை உணவுக்குழாய் என்கிறோம். அது இரைப்பையோடு சேரும் இடத்தில் வளையம் போல ஒரு தசை இருக்கிறது. விழுங்கும்போது திறக்கும், பிறகு மூடிக்கொள்ளும். ஒரு பக்கம் மட்டும் திறக்கும் கதவு என்று வைத்துக்கொள்ளலாம்.

கொழும்பில் பெரிய மழை பெய்து வாய்க்கால் நிரம்பினால், வீட்டுக் கானில் போக வேண்டிய தண்ணீர் திரும்பி உள்ளே வரும். தம்பிக்கு நடப்பது அதுதான். வேலை முடிந்து பஸ் நெரிசலில் வீடு வர இரவு ஒன்பது மணி. ஒன்பதரைக்கு வயிறு முட்டச் சாப்பாடு. பத்து மணிக்குக் கட்டில். நிரம்பிய இரைப்பை படுத்த நிலையில், கதவு கொஞ்சம் தளர்ந்தாலும் அமிலம் மேலே வரும். உணவுக்குழாய்க்கு அந்த வெண்டிக்காய்ப் படலம் கிடையாது, அதனால் எரிகிறது. இதை அமில மீள்வரவு என்று சொல்லலாம். நாம் சொல்லும் நெஞ்செரிவு பெரும்பாலும் இதுதான்.

இந்தத் தம்பிக்குக் குளிசையை விட நான் அதிகம் கொடுத்தது யோசனைதான். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையில் 3 மணித்தியாலம் விடுங்கள். அது ஏலாது என்றால் பின்னேரம் கொஞ்சம் கனமாகச் சாப்பிட்டுவிட்டு, இரவில் இரண்டு இடியப்பத்தோடு நிறுத்துங்கள். கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்குக் கீழே கட்டை வைத்து 15 முதல் 20 சென்றிமீற்றர் உயர்த்துங்கள். தலையணையை அடுக்கினால் கழுத்துத்தான் மடியும், அதோடு வயிறும் மடிந்து அமுங்கும். இடது பக்கம் சரிந்து படுங்கள். இரைப்பை இடப்பக்கமாக வளைந்திருப்பதால், அப்படிப் படுக்கும்போது அமிலம் கதவுக்குக் கீழே தங்கும். சிகரெட் அந்தக் கதவைத் தளர்த்தும், தொப்பை அதன் மேல் அமுக்கத்தைக் கூட்டும்.

சுவரில் புண் விழுந்தால்

அல்சர் என்பது இரைப்பையின் சுவரிலோ, அதற்கு அடுத்து வரும் முன்சிறுகுடலின் சுவரிலோ விழும் புண். புண் இல்லாமல் சுவர் சிவந்து அழன்றிருப்பதைக் கேஸ்ட்ரைட்டிஸ் என்பார்கள். நம் ஆட்கள் எல்லா வயிற்று நோவுக்கும் இந்த இரண்டு பெயரையும் மாறி மாறிச் சொல்கிறார்கள். உண்மையில் உள்ளே பார்க்காமல் இரண்டில் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

புண் ஏன் வருகிறது? மிளகாய், நேரத்துக்குச் சாப்பிடாதது, கவலை என்று நம் வீடுகளில் சொல்வார்கள். உலகத்தின் பெரிய டொக்டர்களும் நெடுங்காலம் கிட்டத்தட்ட இதைத்தான் நம்பினார்கள்.

1979இல் ஆஸ்திரேலியாவின் பேர்த் நகரத்தில் ராபின் வொரன் என்ற நோயியல் நிபுணர், அழன்ற இரைப்பைத் துண்டுகளை நுண்ணோக்கியில் பார்க்கும்போது வளைந்த வடிவில் சில பக்டீரியாக்களைக் கண்டார். அந்த அமிலத்தில் எதுவும் வாழ முடியாது என்று எல்லோரும் நம்பிய காலம் அது. பாரி மார்ஷல் என்ற இளம் டொக்டர் அவரோடு சேர்ந்தார். ஆய்வுகூடத்தில் அந்தக் கிருமியை வளர்க்கப் பார்த்தார்கள். வழக்கமாக இரண்டு நாளில் எதுவும் முளைக்காவிட்டால் தட்டை எறிந்துவிடுவார்கள். 1982இல் ஈஸ்டர் விடுமுறை குறுக்கே வந்ததால் தட்டுகள் கூடுதலாகச் சில நாட்கள் கிடந்தன. திரும்பி வந்து பார்த்தால் கிருமி வளர்ந்திருந்தது. ஆனாலும் யாரும் நம்புவதாக இல்லை. 1984இல் மார்ஷல் அந்தக் கிருமி கலந்த திரவத்தைத் தானே குடித்தார். சில நாட்களில் குமட்டலும் சத்தியும் வந்தன. அவருடைய இரைப்பைச் சுவர் அழன்றிருந்ததைப் பரிசோதனை காட்டியது. 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அந்தக் கிருமியின் பெயர் ஹெலிகோபேக்டர் பைலோரி. சுருக்கமாக எச் பைலோரி. அமிலத்துக்குள் அது உயிர் வாழும் விதம் என்னை இன்றும் வியக்க வைக்கிறது. தன்னைச் சுற்றி அமோனியாவை உண்டாக்கி அமிலத்தை அடக்கிக்கொண்டு, சளிப்படலத்துக்குள் துளைத்துப் போய் வாழ்கிறது. படலம் பழுதானால் சுவர் திறந்துவிடும். அப்புறம் அமிலம் தன் வேலையைக் காட்டும். பெரும்பாலும் சின்ன வயதிலேயே தொற்றும் இந்தக் கிருமி, பலரிடம் எந்தத் தொந்தரவும் தராமல் காலம் முழுக்க இருக்கும். சிலரிடம் புண்ணை உண்டாக்கும். மிகச் சிலரிடம் இரைப்பைப் புற்றுநோய்க்கும் காரணமாகும். அதனால் கண்டுபிடித்தால் விட்டுவைப்பதில்லை.

கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் சித்தி எட்டு வருடம் மிளகாயைத் தொடவில்லை. பாணைப் பாலில் தோய்த்துச் சாப்பிட்டார். கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து வெறும் சோற்றில் மோர் ஊற்றிக்கொள்வார். யாரோ எப்போதோ எழுதிக்கொடுத்த ஒமெப்ரசோல் என்ற அமிலம் குறைக்கும் குளிசையைத் தானே வாங்கிப் போட்டு வந்தார். கடைசியில் பார்த்தால் முன்சிறுகுடலில் புண், காரணம் எச் பைலோரி. இரண்டு வகை அன்டிபயோட்டிக்கும் அமிலத்தைக் குறைக்கும் ஒரு குளிசையுமாக 14 நாள் மருந்து. நாலாம் நாள் வாயெல்லாம் உலோகக் கசப்பு, நிறுத்தப் போகிறேன் என்று போன் எடுத்தார். "நிறுத்தக் கூடாது சித்தி, பாதியில விட்டால் கிருமி மருந்துக்குப் பழகிடும்" என்று தினமும் இரவில் பேசி முடிக்க வைத்தேன். மருந்து முடிந்து 4 கிழமைக்கு மேல் போனதும் மலப் பரிசோதனை செய்து, கிருமி போய்விட்டதா என்று பார்த்தார்கள். போயிருந்தது. பலர் இந்தக் கடைசிப் பரிசோதனையைச் செய்வதே இல்லை. குணம் தெரிந்ததும் விட்டுவிடுகிறார்கள்.

மிளகாய் புண்ணை உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே நொந்திருக்கும் இடத்தில் எரிவைக் கூட்டும், அவ்வளவுதான். பாலும் அப்படியே. குடித்த நேரம் இதமாக இருக்கும், பிறகு அதுவே அமிலத்தைச் சுரக்கச் செய்யும்.

புண்ணுக்கு இரண்டாவது பெரிய காரணம் அந்த முழங்கால் ஐயாவின் பையில் இருந்தது. டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென், அஸ்பிரின் போன்ற வலிக் குளிசைகள், படலத்தைப் பேணும்படி உடம்பு அனுப்பும் ஒரு இரசாயனத்தைத் தடுத்துவிடும். குளிசை வயிற்றில் பட்டு எரிப்பதால்தான் புண் என்று நினைக்கிறோம். ஊசியாகப் போட்டாலும் இதே கெடுதல் இரத்தம் வழியாக வரும். சாப்பிட்ட பிறகு போட்டேன், ஒன்றும் செய்யாது என்பது முழுப் பாதுகாப்பு ஆகாது. பரசிட்டமோல் இந்த வகையைச் சேர்ந்ததில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: இதயத்துக்காக டொக்டர் தந்த அஸ்பிரினை நீங்களாக நிறுத்தாதீர்கள். கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

ஆக, எரிவு மேலே ஏறினால் கதவின் பிரச்சினை. சுவர் புண்ணானால் பெரும்பாலும் கிருமி அல்லது வலிக் குளிசை.

கமராவில் ஒன்றும் தெரியாதபோது

பொருமல் மாமிக்கு ஏற்கெனவே ஒருமுறை எண்டோஸ்கோப்பி செய்திருந்தார்கள். நம் வழக்கில் கமரா விட்டுப் பார்ப்பது. "ஒண்டும் இல்லை எண்டு சொல்லிப்போட்டாங்கள் பிள்ளை. நான் என்ன நடிக்கிறேனா?" என்று கேட்டார். கண் கலங்கியிருந்தது.

மாமி நடிக்கவில்லை. மேல் வயிற்றுத் தொந்தரவுக்காக உள்ளே பார்க்கப்படுகிறவர்களில் பெரும்பாலானோருக்குப் புண்ணோ கட்டியோ இருப்பதில்லை. இதைச் செயல்பாட்டு அசீரணம் என்கிறார்கள். உறுப்பு நன்றாகத்தான் இருக்கிறது, அது வேலை செய்யும் விதத்தில்தான் கோளாறு.

குடலின் சுவருக்குள் 10 கோடிக்கும் மேற்பட்ட நரம்புச் செல்கள் இருக்கின்றன. அவை மூளையோடு இரவு பகலாகப் பேசிக்கொண்டிருக்கின்றன. வானொலியில் பாட்டு ஒன்றுதான், ஆனால் ஒலியைக் கூட்டி வைத்தால் காது நோகும். சிலருடைய வயிற்று நரம்புகள் அப்படிக் கூட்டி வைத்தது போல வேலை செய்கின்றன. நமக்குத் தெரியாமல் நடந்து முடியும் சாதாரணச் சமிபாடு அவர்களுக்கு இறுக்கமாகவும் நோவாகவும் தெரிகிறது. சாப்பாடு வரும்போது விரிந்து இடம் தர வேண்டிய இரைப்பையின் மேல் பாகம் சரியாக விரியாமலும் இருக்கலாம். அதனால்தான் நாலு வாயில் நிரம்பிவிடுகிறது.

கவலையும் நித்திரைக் குறைவும் இந்த ஒலியை இன்னும் கூட்டும். அதற்காக இது மனப்பிரமை என்று ஆகாது. எல்லாம் மனசுதான் என்று வீட்டில் சொல்லிவிடுவது மாமி போன்றவர்களுக்குச் செய்யும் பெரிய அநியாயம். இதற்கும் மருந்து இருக்கிறது, கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை சாப்பிடும் முறை இருக்கிறது, நரம்பின் கூச்சத்தைக் குறைக்கச் சிறிய அளவில் தரும் குளிசைகளும் இருக்கின்றன. இதே கோளாறு கீழ்க் குடலில் வந்து, வயிற்றுக்குத்தோடு மலம் போகும் பழக்கமும் மாறினால் அதை எரிச்சல்குடல் என்கிறோம்.

காற்று வேறு கதை

குடலில் சேரும் காற்று இரண்டு வழியில் வருகிறது. ஒன்று, அவசரமாகச் சாப்பிடும்போதும் சோடா குடிக்கும்போதும் விழுங்குவது. அது ஏப்பமாக வெளியேறும். மற்றது, பருப்பு, கடலை, கோவா போன்றவற்றில் நம்மால் சமிக்க முடியாத பகுதியைப் பெருங்குடலின் பக்டீரியாக்கள் சாப்பிட்டு உண்டாக்குவது. பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பாலிலிருந்தும் வரும். அமிலத்தைக் குறைக்கும் குளிசை இதில் எதையும் மாற்றாது.

குளிசைகள் என்ன செய்கின்றன

தண்ணீர்த் தாங்கி நிரம்பி வழிந்து தரை ஈரமாகிவிட்டது என்று நினையுங்கள். துணியால் தரையைத் துடைக்கலாம், அல்லது தண்ணீர் ஏற்றும் மோட்டாரை நிறுத்தலாம்.

வெள்ளைப் பாணி மருந்தும் கடித்துச் சாப்பிடும் குளிசையும் துடைக்கும் வகை. சுரந்த அமிலத்தைச் சமப்படுத்தும். உடனே சுகம், ஆனால் நேரம் நிற்காது. ஃபமொடிடின், மோட்டாரைப் போடச் சொல்லும் சமிக்ஞைகளில் ஒன்றை அடக்கும். ஒமெப்ரசோல், எசோமெப்ரசோல், பண்டோப்ரசோல் ஆகியவை மோட்டாரையே நிறுத்துபவை.

இந்த மூன்றாம் வகையைத்தான் கொழும்பில் அதிகம் பேர் போடுகிறார்கள், அதிகம் பேர் தவறாகவும் போடுகிறார்கள். சாப்பாடு வரும்போதுதான் இரைப்பையின் மோட்டார்கள் ஓடத் தொடங்கும். ஓடும் மோட்டாரைத்தான் இந்தக் குளிசையால் பிடிக்க முடியும். அதனால் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்னதாகப் போட வேண்டும். எரியத் தொடங்கிய பிறகு ஓடிவந்து வாங்கி விழுங்கினால், அந்த எரிவுக்கு அது பெரிதாக உதவாது.

டொக்டர் சொன்ன காலத்துக்கு இவை நல்ல, பாதுகாப்பான மருந்துகள். உணவுக்குழாய் மோசமாகப் புண்பட்டவர்களும், இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுக்கும் சிலரும் நீண்ட காலம் போடத்தான் வேண்டும். ஆனால் காரணம் தெரியாமல் வருடக்கணக்காகப் போட்டால் மக்னீசியமும் விற்றமின் பி12உம் குறையலாம். திடீரென்று நிறுத்தினால், அடக்கி வைத்த மோட்டார்கள் எல்லாம் ஒன்றாக ஓடி, சில கிழமைகளுக்கு அமிலம் முன்னை விடக் கூடுதலாகச் சுரக்கும். அதைப் பார்த்து, இந்தக் குளிசை இல்லாமல் என்னால் இருக்க முடியாது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். டொக்டரிடம் கேட்டு மெல்ல மெல்லக் குறைத்தால் பலர் வெளியே வந்துவிடுவார்கள்.

இதற்கெல்லாம் காத்திருக்கக் கூடாது

அந்த ஆட்டோ அண்ணனுக்கு நான் குளிசை கொடுக்கவில்லை. கதிரையில் உட்கார வைத்து 1990க்கு எடுத்தோம். அது இலவச சுவசெரிய அம்புலன்ஸ். "சும்மா கேஸ்ட்ரிக் தங்கச்சி, ஒரு ஏப்பம் வந்தால் சரியாகிடும்" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். மாரடைப்பு என்று ஆஸ்பத்திரியில் ஈசிஜி காட்டியது. நேரத்துக்குப் போனதால் தப்பினார்.

இதயத்தின் அடிப்பாகம் வயிற்றுக்கு மேல் சாய்ந்திருக்கிறது. இரண்டிலிருந்தும் வரும் நோவை மூளையால் எப்போதும் பிரித்தறிய முடிவதில்லை. நெஞ்சிலோ மேல் வயிற்றிலோ பாரம் போன்ற நோவு, அதோடு வேர்வை, மூச்சு வாங்கல், தாடைக்கோ கைக்கோ பரவும் உளைவு, நடந்தால் கூடுவது, இவற்றில் எது இருந்தாலும் முதலில் இதயத்தைப் பாருங்கள். சீனி வருத்தம் உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் நெஞ்சு நோவே இல்லாமல் குமட்டலும் களைப்பும் மட்டும் வரலாம். ஏப்பம் வந்து சுகமாக இருந்தது என்பதால் இதயத்தில் பிழை இல்லை என்று ஆகாது.

வயிற்றின் பக்கத்திலும் சில அடையாளங்கள் உண்டு. இரத்தமாகவோ கோப்பித் தூள் நிறத்திலோ சத்தி எடுத்தாலும், மலம் தார் போலக் கறுத்து ஒட்டிக்கொண்டு போனாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இரும்புச் சத்துக் குளிசை போடுபவர்களுக்கும் மலம் கறுக்கும், அதையும் டொக்டரிடம் சொல்லுங்கள். விழுங்க இடைஞ்சல், காரணமில்லாமல் உடம்பு மெலிவது, இரத்தச் சோகை, ஓயாத சத்தி, குடும்பத்தில் யாருக்காவது இரைப்பைப் புற்றுநோய் இருந்தது, 55 வயதுக்கு மேல் முதன்முதலாக வந்த வயிற்றுத் தொந்தரவு ஆகியவற்றில் எது இருந்தாலும் பாமசியில் நிற்காதீர்கள். அதேபோல எண்ணெய்ச் சாப்பாட்டுக்குப் பிறகு வலது விலாவுக்குக் கீழே பிடித்து மணிக்கணக்காக நிற்கும் நோவு பித்தப்பைக் கல்லாக இருக்கலாம். அதுவும் கேஸ்ட்ரிக் என்ற பெயரில் வருடக்கணக்காக ஓடும்.

யாரிடம் போவது, என்ன செய்வார்கள்

முதலில் உங்களைத் தெரிந்த குடும்ப டொக்டர். அல்லது அரசாங்க ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் பிரிவு. கொழும்புத் தேசிய வைத்தியசாலை உட்பட அரசாங்க ஆஸ்பத்திரிகளில் பார்ப்பது இலவசம். தேவையானால் அங்கிருந்தே கிளினிக்குக்கு அனுப்புவார்கள். காத்திருக்க வேண்டி வரும் என்பது உண்மை. காசு கொடுத்துச் சனல் பண்ணுபவர்கள், சமிபாட்டுத் தொகுதிக்கான விசேட வைத்திய நிபுணர் என்று கேட்டுப் போட வேண்டும். உணவுக்குழாயிலிருந்து மலவாசல் வரையும், பல இடங்களில் ஈரலும் இவர் பார்க்கும் பகுதி. எல்லாருக்கும் இவர் தேவைப்பட மாட்டார். மேலே சொன்ன அடையாளம் இருப்பவர்களுக்கும், சரியாகப் போட்ட மருந்துக்கும் கேட்காதவர்களுக்கும்தான் தேவை.

எண்டோஸ்கோப்பிக்குப் பயந்தே பலர் போவதில்லை. குறைந்தது 6 மணித்தியாலம் வெறும் வயிறு. தொண்டைக்கு மரத்துப்போகும் மருந்து அடிப்பார்கள். இடது பக்கம் சரித்துப் படுக்கவைத்து, சின்ன விரல் பருமனில் வளையும் ஒரு குழாயை மெல்ல விழுங்க வைப்பார்கள். அதன் நுனியில்தான் கமரா. ஓங்காளம் வரும், மூச்சு அடைக்காது. சில நிமிடத்தில் முடிந்துவிடும். பரிசோதனைக்குத் துண்டு எடுத்தாலும் நோகாது. மரப்பு இறங்கும் வரை தேத்தண்ணி குடிக்கக் கூடாது. மயக்க மருந்து தந்திருந்தால் அன்றைக்கு வண்டி ஓட்டக் கூடாது, கூட ஒருவர் வர வேண்டும்.

எச் பைலோரிக்கு மலத்திலோ மூச்சிலோ பரிசோதிப்பதாக இருந்தால், ஒமெப்ரசோல் வகையை 2 கிழமைக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள். அன்டிபயோட்டிக் எடுத்து 4 கிழமையாவது போயிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டலாம். பதிவு செய்யும்போதே இதைக் கேட்டுவிடுங்கள்.

போகும்போது ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். எங்கே நோகிறது என்று ஒரு விரலால் தொட்டுக் காட்டப் பழகுங்கள். சாப்பிட்டவுடனா, பிந்தியா, நித்திரையைக் குழப்புகிறதா, எதனால் குறைகிறது, என்னென்ன குளிசை போடுகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். வலிக் குளிசையையும் நாட்டு மருந்தையும் மறைக்காதீர்கள்.

சித்திக்கு அந்தத் தாளை நான்தான் எழுத வைத்தேன். அவர் கேஸ்ட்ரிக் என்ற சொல்லைப் பாவிக்கக் கூடாது என்பது மட்டும்தான் நான் போட்ட நிபந்தனை. பேனையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் யோசித்தார். பிறகு பேரனின் கொப்பித் தாளில் இப்படி எழுதினார்:

"தொப்புளுக்கு மேலே நாலு விரல் தள்ளி. சாப்பிட்டு ரெண்டு மூண்டு மணித்தியாலம் போனால் தொடங்குது. விடியப்புறம் ரெண்டு மணிக்கு எழுப்புது. ஒரு துண்டு பாண் கடிச்சால் குறையுது. எட்டு வருசம்."

நான் பக்கத்தில் இருந்து அதைச் சிங்களத்தில் சொன்னேன். நிபுணர் கேட்டுவிட்டு, வலிக் குளிசை ஏதாவது போடுகிறாரா என்று ஒன்றை மட்டும் கேட்டார். இல்லை என்றதும் எண்டோஸ்கோப்பிக்கான தாளை எடுத்து எழுதத் தொடங்கினார்.